கிணற்றுக்குள் சீனி அவரைக்காய்!

சிவகாசி என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தீபாவளிக்கு வாங்கும் புஸ்வாணமும் சங்கு சக்கரமும். கூடத்துச் சுவரில் தொங்கும் முருகன் படக் காலண்டர். அடுப்படி மாடத்தில் இருக்கும் தீப்பெட்டி. எனக்கும் அப்படித்தான் இருந்தது. போன புரட்டாசியில் அந்த ஊருக்குப் போய் வந்த பிறகு, சிவகாசி என்றால் ஒரு பசைச் சட்டிதான் ஞாபகம் வருகிறது.

பட்டாசைப் பற்றி எழுதத்தான் போனேன். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்த கதையைத் திரட்டி, நாலு படம் எடுத்து, இரவு ரயிலில் திரும்பிவிடுவதாக உத்தேசம். வெயில் தாங்காமல் ஒரு சந்தில் ஒதுங்கினேன். ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று பெண்கள் உட்கார்ந்து காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்து அடைப்பதெல்லாம் ஊருக்கு வெளியே, உரிமம் பெற்ற தொழிற்சாலைகளில். வீட்டில் நடப்பது வெறும் காகித வேலை. கம்பியில் காகிதத்தைச் சுற்றி, ஓரத்தில் பசை தடவி, ஒரு உருட்டு உருட்டி உருவிப் போட்டால் குழாய் தயார். நான் ஒன்று சுருட்டிப் பார்த்தேன். அது குழாயாக வரவில்லை. தாழம்பூ மடல் மாதிரி வந்தது.

பக்கத்தில் இரண்டு சட்டிகள் இருந்தன. ஒன்றில் கெட்டியான மைதாப் பசை, லேசான நீல நிறத்தில். இன்னொன்றில் வெள்ளையாக, மோர் மாதிரி ஏதோ ஒன்று. புளித்த வாடை வேறு.

"இது ஏன் பாட்டி நீலமா இருக்கு?" என்று மூத்தவரைக் கேட்டேன்.

"மயில்துத்தம் போட்டிருக்கு தாயி. போட்டா கெடாது, பூச்சியும் அரிக்காது. முந்தாநாளு பேத்தி காய்ச்சுனா, போட மறந்துட்டா. இந்தா பாரு, தண்ணியாப் போச்சு. இதை வச்சு என்னத்த ஒட்ட?" என்று அந்த மோர்ச் சட்டியைக் காலால் தள்ளினார் பாட்டி. அப்போது அவர் கை வேறொரு வேலை செய்துகொண்டிருந்தது. மத்தியானக் கூட்டுக்காக முறத்தில் சீனி அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். சென்னையில் நாம் கொத்தவரங்காய் என்கிறோமே, அதுதான் அந்தப் பக்கத்தில் சீனி அவரைக்காய்.

நேயர்களே, நீர்த்துப்போன பசை ஒரு பக்கம், கொத்தவரங்காய் ஒரு பக்கம். காலேஜில் ரசாயனம் படித்தவள் என்பதால் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால், பாட்டிக்கு நஷ்டம் என்று தோன்றிய அந்தக் காரியத்தை, கெட்டியான பசை தானாகவே தண்ணீராவதை, லட்சம் லட்சமாகப் பணம் கொட்டி வரவழைக்கிற ஒரு தொழில் உலகத்தில் இருக்கிறது. அது எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழில். அங்கே காய்ச்சுகிற பசையும் கொத்தவரங்காயிலிருந்து வருவதுதான்!

பாறைக்குள் ஒரு விரிசல்

எண்ணெய்க் கிணறு என்றால் நம் வீட்டுக் கேணி மாதிரி உள்ளே எண்ணெய் தளும்பிக்கொண்டிருக்கும் என்றுதான் நான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. தண்ணீரில் நனைத்தெடுத்த செங்கல்லுக்குள் ஈரம் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி பாறையின் நுண்ணிய துளைகளுக்குள் எண்ணெய் இருக்கிறது. துளைகள் தாராளமாக இருந்தால் எண்ணெய் தானாக ஊறி வரும். நெருக்கமாக இருந்தால் எவ்வளவு ஆழத்துக்குத் துளை போட்டாலும் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

அதற்கு ஒரு யுக்தி செய்தார்கள். கிணற்றுக்குள் திரவத்தை மிகப் பெரிய அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பது. ஆனால் அழுத்தத்தை நிறுத்தியதும் விரிசல் கதவு மாதிரி மூடிக்கொள்ளும். ஆகவே கதவுக்கு அடியில் சக்கை வைப்பதுபோல், விரிசலுக்குள் மணலைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பாறை மூடிக்கொள்ள முயன்றாலும் மணல் தாங்கிக்கொள்ளும். மணலின் இடுக்கு வழியாக எண்ணெய் வரும்.

மணலை அவ்வளவு தூரம் யார் சுமப்பது? ரசத்தில் போட்ட மிளகு அடியில் போய்த் தங்கிவிடும். பாயசத்தில் ஜவ்வரிசி மேலும் கீழும் மிதக்கும். ஆகவே தண்ணீரைப் பாயசப் பதத்துக்குக் கெட்டியாக்க வேண்டும்.

முதன் முதலில் இதைச் செய்து பார்த்தவர்கள் தண்ணீரை நினைக்கவில்லை. 1947-இல் அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து ஹியூகோட்டன் வாயு வயலில் நடந்தது அந்தச் சோதனை. 2,400 அடி ஆழத்தில் இருந்த சுண்ணாம்புப் பாறைக்குள் 1,000 காலன் பெட்ரோலைக் கூழாக்கிச் செலுத்தினார்கள். கூழாக்கப் பயன்பட்டது நேபாம். ஆம், யுத்தத்தில் நெருப்புக் குண்டுகளில் நிரப்பினார்களே, அதேதான். சிவகாசியில் இதைச் சொன்னால் காதைப் பொத்திக்கொள்வார்கள். அங்கே ஒரு கொட்டகையில் நாலு பேருக்கு மேல் உட்காரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. இவர்களோ ஆயிரம் காலன் பெட்ரோலைக் களியாக்கிப் பம்புக்குள் விட்டிருக்கிறார்கள்!

அந்த முதல் சோதனையிலேயே ஒரு விஷயத்தை அவர்கள் மறக்கவில்லை. பெட்ரோல் கூழுக்குப் பின்னாலேயே, அந்தக் கூழை மறுபடி இளக்குவதற்கான மருந்தையும் அனுப்பினார்கள். உள்ளே போனது உள்ளேயே களியாகக் கிடந்தால், திறந்த விரிசலை அதுவே அடைத்துவிடும் அல்லவா? சோதனையால் வாயு ஒன்றும் பிரமாதமாகக் கூடிவிடவில்லை. ஆனாலும் விடவில்லை. 1949 மார்ச் 17-ஆம் தேதி ஓக்லஹோமாவில் ஒரு கிணறு, டெக்ஸாஸில் ஒரு கிணறு என்று வியாபார ரீதியில் தொடங்கினார்கள். முதல் வருஷத்திலேயே 332 கிணறுகள். உற்பத்தி சராசரியாக 75 சதவீதம் கூடியது.

பிறகு பெட்ரோல் போய்த் தண்ணீர் வந்தது. தண்ணீரைக் கெட்டியாக்க நம் கொத்தவரை வந்தது.

காய்க்குள் இருக்கும் கோந்து

முற்றிய கொத்தவரை விதையை உடைத்தால் தோலுக்கும் முளைக்கும் நடுவில், கண்ணாடி மாதிரி இரண்டு சிறு பருப்புகள் இருக்கும். அதைப் பொடித்தால் 'குவார்' கோந்து. ஆயிரம் லிட்டர் தண்ணீருக்கு இரண்டரை முதல் ஐந்து கிலோ போதும், தண்ணீர் கஞ்சியாகிவிடும். ஐஸ்கிரீமில் பனித்துகள் நறநறக்காமல் இருக்கப் போடுவதும் இதைத்தான். டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 412 என்ற எண் போட்டிருந்தால் அது கொத்தவரை.

உங்கள் வீட்டிலேயே இதன் சகோதரி ஒருத்தி இருக்கிறாள். வெந்தயம். ஊறவைத்த வெந்தயம் வழவழவென்று கையில் ஒட்டுகிறதே, அதுவும் இதே குடும்பத்துக் கோந்துதான். சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்கில் சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு சங்கிலியும் தண்ணீரில் விரிந்து, பக்கத்துச் சங்கிலியோடு சிக்கிக்கொள்கிறது. சிக்கிய தலைமுடியில் சீப்பு நகர மறுப்பதுபோலத் தண்ணீர் நகர மறுக்கிறது. கெட்டித்தன்மை என்பது அவ்வளவுதான்.

இது போதாதென்று வெங்காரம் வேறு சேர்ப்பார்கள். தட்டான் கடையில் பற்றவைக்க உபயோகிக்கும் அதே வெங்காரம். காரத்தன்மை உள்ள கஞ்சியில் வெங்காரம் விழுந்தால், அது ஒரு சங்கிலியையும் அடுத்த சங்கிலியையும் கைகோக்க வைத்துவிடும். கஞ்சி ஒரே நொடியில் அல்வா மாதிரி திரண்டு, கரண்டியோடு தூக்கினால் முழுவதுமாக எழுந்து வரும். (1976-இல் அமெரிக்காவில் ஒரு பொம்மைக் கம்பெனி இதையே பச்சை நிறத்தில் டப்பியில் அடைத்துக் குழந்தைகளுக்கு விற்றது. வெங்காரம் வாய்க்குள் போகக்கூடாத வஸ்து. குழந்தை இருக்கும் வீட்டில் இந்த விளையாட்டு வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.)

இப்போது அல்வா ஆயிற்று. அல்வாவின் முதுகில் ஏறி மணல் ஒரு மைல், இரண்டு மைல் ஆழத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி அல்வா தண்ணீராக வேண்டும். எப்படி?

பின்னலை அவிழ்ப்பதும் முடியை வெட்டுவதும்

ஒரு வழி சுலபமானது. கொஞ்சம் அமிலம் சேர்த்துக் காரத்தன்மையைக் குறைத்தால் வெங்காரம் பிடித்த கையை விட்டுவிடும். அல்வா மறுபடி கஞ்சியாகும். ஆனால் இது பின்னலை அவிழ்ப்பதுதான். முடி அப்படியே இருக்கிறது. மறுபடி காரம் சேர்ந்தால் மறுபடி பின்னிக்கொள்ளும். தவிர, கஞ்சியே கெட்டிதானே? மணல் இடுக்குகளில் கஞ்சி நின்றாலும் எண்ணெய் வராது.

ஆகவே முடியையே வெட்ட வேண்டும். இதில் ஒரு வேடிக்கை. நீளமான சங்கிலியை நடுவில் ஒரே ஒரு வெட்டு வெட்டிப் பாதியாக்கினால், கெட்டித்தன்மை பாதியாகக் குறைவதில்லை. அதைவிடப் பல மடங்கு குறைந்துவிடுகிறது. குட்டை முடி சிக்காது என்பது பெண்களுக்குத் தெரிந்ததுதானே!

வெட்டுகிற கத்தரிகளில் முக்கியமானவை இரண்டு. எண்ணெய்க் கிணற்றுக்காரர்கள் இரண்டையுமே 'பிரேக்கர்' என்கிறார்கள். கூழை உடைக்கிறவை என்று பொருள்.

முதலாவது, அம்மோனியம் பெர்சல்பேட் என்ற உப்பு. இது சிவகாசிக்குத் தூரத்து உறவு. பட்டாசில் வெடியுப்பும், தீக்குச்சித் தலையில் குளோரேட்டும் செய்வது பிராணவாயுவைக் கொடுத்து எரிய வைப்பதுதான். பெர்சல்பேட்டும் அந்த ஜாதிதான். சூடு பட்டால் அது இரண்டாகப் பிளந்து, யாரையாவது பிடித்து இழுக்க வேண்டும் என்ற வெறியோடு அலையும் துண்டுகளாகிறது. அகப்பட்ட இடத்தில் கோந்துச் சங்கிலியைக் கடித்துத் துண்டாக்குகிறது. ஆயிரம் லிட்டருக்கு நூறு கிராம் முதல் ஒரு கிலோ வரை போட்டாலே வேலை முடிந்துவிடும். அழகு நிலையத்தில் கூந்தலை வெளுக்கப் போடும் பொடியில் இருப்பதும் பெர்சல்பேட்தான். அந்தப் பொடியைத் தினமும் குழைக்கிற பெண்களில் சிலருக்கு இழுப்பும் சொறியும் வருவதுண்டு. நிலையம் நடத்துகிறவர்கள் முகமூடியும் கையுறையும் கொடுத்தால் நல்லது.

பெர்சல்பேட்டுக்கு ஒரு சுபாவம். ஐம்பது டிகிரி சூட்டுக்குக் கீழே சோம்பேறி. துணைக்கு வேறொரு மருந்து தட்டி எழுப்பினால்தான் எழுந்திருக்கும். எண்பது டிகிரியைத் தாண்டினாலோ அவசரக்காரன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளிவிடும். பூமிக்குள் ஒவ்வொரு கிலோ மீட்டர் இறங்கும்போதும் 25 முதல் 30 டிகிரி சூடு கூடுகிறது. ஆகவே கிணற்றின் ஆழத்தைப் பார்த்துத்தான் மருந்து. மிக ஆழமான, மிகச் சூடான கிணறுகளுக்குப் பெர்சல்பேட்டுக்குப் பதிலாகச் சோடியம் புரோமேட்டை அனுப்புகிறார்கள்.

இரண்டாவது கத்தரி உயிருள்ளவை உண்டாக்குவது. என்ஸைம், தமிழில் நொதி. பாட்டியின் சட்டியில் வேலை செய்தது இதுதான். காற்றிலிருந்து விழுந்த நுண்ணுயிர்கள் மைதாவைத் தின்பதற்காக நொதிகளைச் சுரந்து, மாவுச் சங்கிலியை வெட்டின, பசை மோராயிற்று. மயில்துத்தம் அந்த நுண்ணுயிர்களைக் கொல்கிறது. ஆகவே பசை பசையாகவே இருக்கிறது.

நாம் அறியாமலே தினமும் இதைச் செய்கிறோம். குழந்தை பாதி குடித்துவிட்டு வைத்த கஞ்சி, கொஞ்ச நேரத்தில் நீர்த்துப் போயிருக்கும். கவனித்திருக்கிறீர்களா? கரண்டியோடு போன எச்சிலின் நொதிதான் காரணம். 1980-களில் பரோடாவில், மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில், தாரா கோபால்தாஸ் என்ற பேராசிரியை இந்தச் சங்கதியைக் குழந்தைகளின் நன்மைக்குத் திருப்பினார். கைக்குழந்தைக்குக் கஞ்சியைக் கெட்டியாகக் கொடுத்தால் விழுங்கத் தெரியாது. தண்ணீர் விட்டுக் கொடுத்தால் வயிறு நிறையும், சத்து ஏறாது. முளைகட்டி உலர்த்தி அரைத்த தானிய மாவில் ஒரு சிட்டிகை, கெட்டிக் கஞ்சியில் கலந்தால் போதும். முளையில் இருக்கும் நொதி மாவை வெட்டி, தண்ணீர் சேர்க்காமலே கஞ்சியை இளக்கிவிடும். அதே டம்ளரில் அதிக மாவு, அதிக பலம்!

நீங்களே செய்து பார்க்கலாம். கேழ்வரகு மாவில் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாகக் கூழ் காய்ச்சிக்கொள்ளுங்கள். அடுப்பை விட்டு இறக்கி, கை பொறுக்காத சூட்டிலிருந்து சற்று ஆறியதும், முளைகட்டிய கேழ்வரகு மாவு ஒரு சிட்டிகை போட்டுக் கிளறுங்கள். சில நிமிஷங்களில் கூழ் கரண்டியை விட்டு வழியும். கொதிக்கும்போதே போட்டால் பலிக்காது. நொதி வெந்து செத்துவிடும். கடைசியில் இன்னொரு கொதி விட்டு இறக்கினால் குழந்தைக்கும் பயமில்லாமல் கொடுக்கலாம்.

எண்ணெய்க் கிணற்றிலும் இதே நிபந்தனைதான். சாதாரண நொதிகள் ஏறத்தாழ அறுபது டிகிரி வரைதான் தாங்கும். ஆழமில்லாத, சூடு குறைந்த கிணறுகளுக்கு அவை உத்தமம். நம் எச்சிலின் நொதி அங்கே உதவாது. அது மாவுக்கு ஏற்ற கத்தரி. கொத்தவரைச் சங்கிலியின் முடிச்சு வேறு தினுசு. (அதனால்தான் கொத்தவரை நம் வயிற்றில் செரிக்காமல் நாராகவே போகிறது. சர்க்கரை வியாதிக்காரர்களைக் கொத்தவரங்காய் சாப்பிடச் சொல்வதற்கும் அதுதான் காரணம்.) கொத்தவரைக்கு ஏற்ற நொதியை நுண்ணுயிர்களிடமிருந்து எடுக்கிறார்கள். யோசித்துப் பார்த்தால், கொத்தவரை விதையிடமே அந்தக் கத்தரி இருக்கிறது. முளைக்கும்போது தன் கோந்தைத் தானே வெட்டிச் சர்க்கரையாக்கித்தான் குருத்து விடுகிறது.

அமிலத்தாலும் வெட்டலாம். ஆனால் அது குழாயையும் அரிக்கும் என்பதால் எல்லா இடத்திலும் துணிவதில்லை.

திரியின் நீளம்

இவ்வளவும் கேட்டபின், "மருந்தைப் போட்டால் இளகிவிடுகிறது, இதில் என்ன கஷ்டம்?" என்று உங்களுக்குத் தோன்றலாம். கஷ்டம் முழுவதும் நேரத்தில் இருக்கிறது.

மருந்தையும் கூழோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். விரிசல் மூடிய பிறகு தனியாக அனுப்பினால் எல்லா மூலைக்கும் போய்ச் சேராது. ஆக, மணலைச் சுமக்கிறவனோடு, அவனை வீழ்த்தப் போகிறவனும் ஒரே வண்டியில் பயணம் செய்கிறான். அவன் வழியிலேயே கைவரிசையைக் காட்டிவிட்டால்? கூழ் பாதி வழியில் நீர்க்கும், மணல் குழாயிலேயே குவிந்து அடைத்துக்கொள்ளும், பம்பு திணறும், செய்த செலவெல்லாம் வீண். அடைப்பைச் சுத்தம் செய்யத் தனிச் செலவு. சரி, மருந்தைக் குறைப்போம் என்றால் கூழ் இளகாமல் விரிசலில் உறைந்து கிடக்கும்; எண்ணெய்க்காகத் திறந்த வழியை நாமே அடைத்த கதையாகும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. விரிசலுக்குள் போன கூழிலிருந்து தண்ணீர் மட்டும் பாறைத் துளைகளுக்குள் வடிந்துவிடும். கோந்துச் சங்கிலிகள் பெரியவை. அவை நுழைய முடியாமல் வெளியிலேயே தங்கும். துணியில் தயிரை வடிகட்டினால் என்ன ஆகிறதோ, அதுதான். மேலே கலக்கியதைப் போலப் பல மடங்கு கெட்டியான களி, கீழே பாறைச் சுவரில் தோலாகப் படிந்துவிடும். அதைக் கரைக்க மருந்து அதிகம் வேண்டும். அதிகம் போட்டால் வழியிலேயே உடையும்.

இதற்குக் கண்டுபிடித்த யுக்தியைத்தான் நான் மிகவும் ரசித்தேன். பெர்சல்பேட் மணிகளின் மேல் மெல்லிய பூச்சு ஒன்று போட்டார்கள், கசப்பு மாத்திரைக்குச் சர்க்கரைப் பூச்சுப் போடுவதுபோல. வழி நெடுக மருந்து பூச்சுக்குள் அடங்கிக் கிடக்கும். சில தினுசுகளில் அது மெல்ல மெல்லக் கசியும். சிலவற்றில், பாறை மூடிக்கொண்டு மணலை நெரிக்கும்போது பூச்சு நசுங்கி உடைந்து மருந்து வெளியே வரும். மணல் தன் இடத்தில் உட்கார்ந்தாயிற்று என்று பாறையே சொல்லிய பிறகுதான் கத்தரி திறக்கிறது!

சிவகாசிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அணுகுண்டில் மருந்து எவ்வளவு இருந்தாலும், பற்றவைத்த பையன் நாலு எட்டு ஓடுவதற்கு அவகாசம் கொடுப்பது திரிதானே? திரி குட்டையானால் கை போகும். நமுத்துப் போனால் வெடி வெடிக்காது. மேலே ஆராய்ச்சிச் சாலையில் ஒவ்வொரு கிணற்றின் சூட்டிலும் கூழை வைத்து, மணிக்கணக்கில் சுழற்றி, எந்த நிமிஷத்தில் எவ்வளவு இளகுகிறது என்று குறித்த பிறகே கீழே அனுப்புகிறார்கள்.

ஒரு கிலோ ஆயிரம் ரூபாய்

இந்தக் கூழுக்கு நம் நாட்டோடு இருக்கும் சம்பந்தம் சாதாரணமானதல்ல. உலகத்தில் விளையும் கொத்தவரை விதையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கு இந்தியாவில் விளைகிறது. அதிலும் பெரும் பகுதி ராஜஸ்தானத்து மணற்காட்டில். மழை பொய்த்தாலும் பிழைத்துக்கொள்ளும் பயிர். முன்பெல்லாம் மாட்டுக்குத் தீனியாகவும், கோந்துக்காகவும் விதைப்பார்கள். விதை குவிண்டால் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குப் போனால் அதிகம்.

அமெரிக்காவில் களிப்பாறைகளைப் பிளந்து வாயுவும் எண்ணெயும் எடுக்கும் வேகம் தலைக்கேறியது. 2012-இல் விதை குவிண்டால் 30,000 ரூபாயைத் தொட்டது. கோந்து, கிலோ ஆயிரம் ரூபாய் அளவுக்குப் போயிற்று. சூதாட்டம் கட்டுக்கடங்காமல் போகவே, மார்ச் மாதத்தில் அரசாங்கம் முன்பேர வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தது. மறுபடி அனுமதித்தது 2013 மே மாதத்தில்தான். ஒட்டகம் மேய்ந்த ஊர்களில் டிராக்டர்கள் வந்து நின்றன.

பிறகு? வாங்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? கொத்தவரை இல்லாமலே வேலையை முடிக்க வழி தேடினார்கள். வழவழப்பான செயற்கை மருந்தைச் சிறிதளவு கலந்த வெறும் தண்ணீரைப் படுவேகத்தில் செலுத்தினால், பல பாறைகளில் கூழே வேண்டாம் என்று தெரிந்தது. 2014-இன் பிற்பாதியிலிருந்து எண்ணெய் விலையும் சரிந்தது. இன்னும் ஏறும் என்று மூட்டைகளை வீட்டில் அடுக்கி வைத்தவர்கள், இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கெட்டிக் கூழ் அவசியமான கிணறுகள் இன்றும் இருக்கின்றன. ஆனால் அந்த 2012 திரும்பவில்லை.

நம் தமிழ்நாட்டிலும் எண்ணெய்க் கிணறுகள் உண்டு. காவிரிப் படுகையில் நரிமணத்துப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பாறையைப் பிளக்கும் முறை என்றாலே அங்கே விவசாயிகளுக்குக் கலக்கம். 2017-இல் புதுக்கோட்டை ஜில்லா நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்துப் பெண்களும் குழந்தைகளும் நாள் கணக்கில் பந்தலில் உட்கார்ந்தார்கள். 2020 பிப்ரவரியில் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கித் தமிழக சட்டசபை சட்டம் செய்தது; புதிதாக எண்ணெய், வாயு தேடுவதும் எடுப்பதும் அங்கே கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை.

அந்தக் கலக்கத்தை அறியாமை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. கூழ் இளகிவிட்டது என்றால் மறைந்துவிட்டது என்று அர்த்தமல்ல. அது தண்ணீராகி, துண்டான கோந்தையும், மிச்சமான மருந்தையும், பாறைக்குள் இருந்த உப்பையும் சுமந்துகொண்டு மேலே திரும்பி வருகிறது. மேலே வந்ததைச் சுத்தம் செய்கிறார்களா, எங்கே விடுகிறார்கள், கிணற்றுக் குழாயைச் சுற்றிச் சிமெண்டு சரியாகப் பூசியிருக்கிறார்களா என்று பக்கத்து வயல்காரர் கேட்டால், அது நியாயமான கேள்வி. கொத்தவரங்காயும் நொதியும் சாதுவானவை என்பது அந்தக் கேள்விக்கு முழுப் பதிலாகாது.

திண்ணையில் நான் இதையெல்லாம் ஒருவாறு சொல்லி முடித்தபோது, குழாய்கள் ஒரு கூடை நிறைந்திருந்தன. சுருட்டிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் சிரித்தார்கள். "சீனி அவரக்காய அரைச்சு எண்ணெய் எடுக்கிறாகளாம்!" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள். சரியாகப் புரியவைக்கவில்லை போலிருக்கிறது என்று நான் மறுபடி ஆரம்பித்தேன்.

பாட்டி சிரிக்கவில்லை. "பசை இளகுறதுக்கு மருந்தா? எங்களுக்கு இளகாம இருக்கத்தான் மருந்து வேணும்" என்றார். பிறகு முறத்தை உள்ளே கொடுத்துவிட்டு எழுந்து, நீலப் பசைச் சட்டியின் மேல் ஒரு தகரத்தட்டைக் கவிழ்த்து, அதன் மேல் செங்கல் ஒன்றைத் தூக்கி வைத்தார்.

"எதுக்குப் பாட்டி இவ்வளவு பந்தோபஸ்து?"

"ஆடு வந்து வாய வச்சிரும் தாயி. மயில்துத்தம் விஷமில்லையா? அந்த வெள்ளச் சட்டிய மட்டும் தெறந்தே போடு. அதக் குடிச்சா ஒண்ணும் ஆகாது."